அவசரப் பிரிவில் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்றதும் கிளம்பிவிடலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும், பிரஷருக்கு எனாலாப்ரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. சாப்பாடு சரியாக இறங்கவில்லை, ஆனால் மாத்திரைகளை மட்டும் ஒருவேளைகூட விடாமல் போட்டிருக்கிறார். மயங்கி விழுந்ததும் ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவால்டிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை 2.4 (இங்கே மில்லிமோல் கணக்கு, 4-க்குக் கீழே என்றாலே குறைவு). குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து பேசினார். அதிகாலை 2 மணிக்கு ‘இப்போது நன்றாக இருக்கிறார், கூட்டிப் போகலாம்’ என்றார்கள். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் அதே மயக்கம், மறுபடியும் கேஷுவால்டி. ‘டாக்டர் அவசரப்பட்டு அனுப்பிவிட்டாரா? நாங்கள் எதைக் கேட்டிருக்க வேண்டும்?’

அம்மாவையும் பார்க்காமல், அவர் கோப்பையும் படிக்காமல் அந்த டாக்டர் மேல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஆனால் இரண்டாவது கேள்விக்கு நிறையவே பதில் இருக்கிறது. அவசரப் பிரிவில் ‘போகலாம்’ என்று சொன்னால், ‘இங்கே உடனடியாகச் செய்ய வேண்டியது முடிந்தது’ என்று அர்த்தம். அடுத்த 24 மணி நேரம் இவரை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. பக்கத்துக் கட்டிலில் உயிருக்குப் போராடுகிறவர் இருக்கும்போது அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காமலே போய்விடலாம். அதனால் அதைக் குடும்பம் கேட்க வேண்டியிருக்கிறது, அதுவும் வண்டியில் ஏறும் முன்.

முதலில் உங்கள் அம்மாவுக்கு என்ன நடந்திருக்கும் என்பதைப் பார்த்துவிடுவோம். கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், கிளிகிளசைட் எல்லாம் ஒரே குடும்பத்து மாத்திரைகள். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான் இவற்றின் வேலை. நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸ் சர்க்கரையைச் சில நிமிடத்தில் தூக்கிவிடும், ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். மாத்திரையின் வேலையோ ஒரு நாள் முழுக்க ஓடும். வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டு சிறுநீரகம் சோர்ந்திருந்தால் மருந்து வெளியேறுவதும் தாமதமாகும், ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். அதனால்தான் இந்த மாத்திரையால் சர்க்கரை இறங்கி வந்தவர்களை, முக்கியமாக முதியவர்களை, உடனே அனுப்பாமல் சேர்த்து வைத்துக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். கண் திறந்து பேசுவதை மட்டும் வைத்து ‘சரியாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆக அந்த 2 மணிக்குக் கேட்டிருக்க வேண்டியவை: டிரிப்பை நிறுத்திய பிறகு சர்க்கரை எத்தனை முறை பார்த்தீர்கள், கடைசி அளவு எவ்வளவு? டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த 9-ஐ நம்பிக் கிளம்பக் கூடாது. வாயால் ஏதாவது சாப்பிட்டு, அது தங்கியதா? சிறுநீரக ரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா, கிரியாட்டினின் எவ்வளவு? காலையில் எந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும்? இதில் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மறுநாள் காலையில் வழக்கம்போல அந்தக் கிளிமெபிரைடைக் கொடுத்திருந்தீர்கள் என்றால், சாயங்கால மயக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மற்ற மாத்திரைகளையும் விட்டுவிடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பு வறளும் நாட்களில் மெட்ஃபார்மின், எனாலாப்ரில், நீர் மாத்திரை மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். வறண்ட உடம்பில் எனாலாப்ரிலும் நீர் மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தை அமுக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சாப்பாடும் தண்ணீரும் பழையபடி இறங்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆனதும் மறுபடி தொடங்குவார்கள். இன்சுலினுக்கு இது பொருந்தாது. காய்ச்சலிலும் வாந்தியிலும் இன்சுலினை முழுவதுமாக நிறுத்துவது ஆபத்து, அளவைத்தான் மாற்ற வேண்டும். எதை, எவ்வளவு நாள் என்பதை டாக்டர் வாயால் கேட்டு எழுதி வாங்குங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இனி எந்த நோய்க்காகப் போயிருந்தாலும் பொருந்துகிற விஷயம். கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்த்து ‘தயார்’ என்று முடிவு செய்யாதீர்கள். எழுப்பி நடக்க வையுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அப்போதுதான் வெளியே வரும். சிஸ்டரிடம் ‘ஒருமுறை நிற்க வைத்து பிரஷர் பாருங்கள்’ என்று கேட்கலாம், கேட்டால் தவறில்லை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 இறங்கினாலோ அவர் வீட்டுக் குளியலறையில் மறுபடி விழப்போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பில் இன்னும் நீர் பற்றவில்லை, அல்லது பிரஷர் மாத்திரை அதிகமாகிவிட்டது. பிறகு கழிவறைவரை நடக்கச் சொல்லுங்கள். வழக்கமாகத் தடி ஊன்றுகிறவர் தடியோடுதான் நடக்க வேண்டும், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டல்ல. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆகிறதென்றால் விழும் அபாயம் உள்ளவர் என்று கணக்கு. முதியவர்களில் நிறையப் பேருக்கு வழக்கமாகவே அவ்வளவு ஆகும், ஆகவே அந்த எண்ணைவிட நேற்று எப்படி நடந்தார், இன்று எப்படி நடக்கிறார் என்பதே பெரிது. அந்த ஒப்பீடு டாக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள்.

மூச்சுத்திணறலோடு வந்தவர்களுக்கும் இதே விதி. உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் 96 சதவீதம் என்று காட்டும், பத்தடி நடந்தால் 89-க்கு இறங்கும். நடந்த பிறகும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கு நெபுலைசர் வைத்தவரை உடனே அனுப்பக் கூடாது. அந்த மருந்தின் தெம்பு இறங்கிய பிறகும் நன்றாக இருக்கிறாரா என்று குறைந்தது ஒரு மணி நேரமாவது பார்க்க வேண்டும். ஊதிப் பார்க்கும் கருவியில் அவருடைய நல்ல நாள் அளவில் முக்கால் பங்காவது வருவது நல்லது. கையில் ஸ்டீராய்டு மாத்திரை இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக பிரெட்னிசோன் நாளுக்கு 40 முதல் 50 மில்லிகிராம், 5 முதல் 7 நாள். நிவாரண பம்ப் மட்டும் கொடுத்து அனுப்பினால் வேலை பாதிதான் நடந்திருக்கிறது. தினமும் அடிக்க வேண்டிய தடுப்பு பம்ப் எங்கே என்று கேளுங்கள். பம்பை எப்படி அடிக்கிறார் என்று சிஸ்டர் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பல வருடமாக அடிக்கிறவர்கள்கூட மருந்தை நாக்கில் அடித்து விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.

நெஞ்சுவலி என்றால், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனை ஒரே ஒருமுறை சரியாக வந்ததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். வலி தொடங்கிய உடனே எடுத்த ரத்தத்தில் அது ஏறியிருக்காது. சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது எடுத்தார்களா, ஈசிஜியைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

முதியவர்களிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, புத்தித் தெளிவு. கிழமை என்ன, எங்கே இருக்கிறோம், யார் கூட வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் வழக்கமாகப் பளிச்சென்று சொல்கிற அம்மா இன்று தடுமாறினால், பேச்சுக்கு நடுவே தூங்கி விழுந்தால், அதை ‘அசதி, ராத்திரி நேரம்’ என்று ஒதுக்கக் கூடாது. திடீர்க் குழப்பம் பெரும்பாலும் உள்ளே தொற்று, நீர் வறட்சி, மருந்துக் கோளாறு, தலையில் ரத்தக்கசிவு என ஏதோ ஒன்றின் அடையாளம். உங்கள் அம்மா மயங்கி விழுந்தவர். ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் மாதிரி மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், தலையில் அடிபட்டதா என்பதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

உடம்புக்கு அடுத்தது, சொன்னது புரிந்ததா என்பது. மற்றதைவிட இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாக ஓட்டை விழுவது இங்கேதான். அமெரிக்காவில் அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 140 பேரிடம் (நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும்) நடத்திய ஆய்வொன்று 2009-ல் வெளியானது. 78 சதவீதம் பேருக்கு, சொல்லப்பட்டவற்றில் ஏதாவது ஒரு பகுதியாவது சரியாகப் புரிந்திருக்கவில்லை. அந்தக் குறைகளில் நோய் என்ன, காரணம் என்ன என்பது பற்றியவை 15 சதவீதம். வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது பற்றியவை 34 சதவீதம். இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அடுத்த எண்: புரியாமல் போன இடங்களில் வெறும் 20 சதவீதத்தில்தான் ‘இது எனக்குச் சரியாக விளங்கவில்லை’ என்று அவர்களே உணர்ந்திருந்தார்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், உண்மையாகவே புரிந்ததாக நினைத்துத்தான் ஆட்டுகிறார்கள்.

இதற்கு ஒரே மருந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. டாக்டரோ சிஸ்டரோ விளக்கி முடித்ததும் நீங்களே சொல்லுங்கள்: ‘நான் சரியாக வாங்கிக்கொண்டேனா பாருங்கள். நாளைக் காலையில் கிளிமெபிரைட் கொடுக்கக் கூடாது. மெட்ஃபார்மின், எனாலாப்ரில், நீர் மாத்திரை மூன்றும் வயிற்றுப்போக்கு நிற்கும்வரை வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். 4-க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீர், 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை கிளினிக்.’ இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். தப்பாக வாங்கியிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். வாசலைத் தாண்டினால் திருத்த ஆள் கிடையாது.

அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்றால், நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு ‘ஒண்ணுமில்லம்மா, மாத்திரையைக் கொஞ்சம் மாத்தியிருக்காங்க’ என்று சுருக்கிச் சொல்லிவிடாதீர்கள். நம் வீடுகளில் பயப்படுத்தக் கூடாது என்று பாசத்தில் செய்கிற காரியம் இது. ஆனால் பகலில் நீங்கள் வேலைக்குப் போன பிறகு மாத்திரை டப்பாவைத் திறக்கப்போவது அவர்தான். முழுவதையும் தமிழில் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதைத் தவிருங்கள், குழந்தைகள் கடினமான வாக்கியத்தை விழுங்கிவிடும்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் 61-ஆம் எண் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6-வது பிரிவு, நோயாளியின் நிலையையும் சிகிச்சை விவரங்களையும் முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியிலும், அவர் படிப்பறிவுக்கு ஏற்ற விதத்திலும் சொல்ல வேண்டும் என்கிறது. 10-வது பிரிவு, டிஸ்சார்ஜ் ஆகும்போது அதற்கான அறிக்கை தர வேண்டும் என்கிறது. அதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. வார்டில் சேர்ந்து வெளியேறுகிறவருக்கு அறிக்கை எழுத்தில் இருந்தாக வேண்டும், வெளிநோயாளிக்கு வாய்மொழியாகச் சொன்னாலே போதும். கேஷுவால்டியில் இரவு முழுக்கக் கட்டிலில் படுத்திருந்தாலும், வார்டில் சேர்க்காவிட்டால் அம்மா வெளிநோயாளிதான். ஆகவே தாள் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். ‘எங்கள் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியவை: என்ன நோய் என்று முடிவு செய்தார்கள், என்ன பரிசோதனை, அளவு என்ன, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், எதை நிறுத்தினார்கள், எதைப் புதிதாகத் தொடங்கினார்கள், எந்த முடிவு இன்னும் வர வேண்டும், எப்போது யாரிடம் காட்ட வேண்டும். எழுத நேரமில்லை என்றால் கோப்பின் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பாருங்கள், அல்லது நீங்கள் சொல்லச் சொல்ல எழுதி அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

‘இன்னும் வர வேண்டிய முடிவு’ என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) மாதிரிப் பரிசோதனைகளுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். யார் பார்ப்பது, யார் போன் செய்வது என்று தீர்மானிக்காமல் வந்தால் அந்த முடிவு கோப்புக்குள்ளேயே கிடக்கும்.

மருந்துப் பைக்கு வருவோம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது நல்ல பழக்கம். கொண்டுபோகாவிட்டால், வீட்டுக்கு வந்ததும் புதியதையும் பழையதையும் மேசையில் பரப்பிப் பெயரைப் படியுங்கள். பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை அல்ல, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை. அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மாத்திரை அரசு மருந்தகத்தில் ஒரு நிறப் பெட்டியிலும் தனியார் பார்மசியில் வேறு நிறப் பெட்டியிலும் வரும். இரண்டையும் போட்டு பிரஷர் தரைக்கு இறங்கி வருகிறவர்கள் உண்டு.

வலி மருந்து இன்னும் சிக்கல். பனாடோவில் இருப்பது பாராசிட்டமால். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே என்றாலோ ஈரல் நோய் இருந்தாலோ அதிலும் குறைவு. மருத்துவமனையில் கொடுத்த வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம், கடையில் வாங்கும் மைப்ரோடாலிலும் இருக்கிறது, கிராண்ட்-பா பொடியிலும் ஆஸ்பிரினோடு சேர்ந்து இருக்கிறது. மூன்றையும் தனித்தனி மருந்து என்று நினைத்துச் சேர்த்தால் ஈரல் பாதிக்கும். மைப்ரோடாலில் ஐபுப்ரோஃபென் வேறு உண்டு. எனாலாப்ரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிற முதியவருக்கு ஐபுப்ரோஃபென் கொடுப்பது சிறுநீரகத்தை நேராகத் தாக்கும் சேர்க்கை. உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி, இடுப்பு வலி என்றாலும் அதைக் கொடுக்காதீர்கள். புதிதாகக் கொடுத்த மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு மூன்று நாள் மருந்தோடு வந்து, திங்கட்கிழமை பொது விடுமுறை என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. புரட்டாசியில் கவிச்சியைத் தவிர்ப்பதால் சர்க்கரை நோயாளிக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சனிக்கிழமை உபவாசம், காவடி விரதம் என்று வேளைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மாத்திரையை மட்டும் போடுவது, உங்கள் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கில் நடந்ததையே மறுபடி நடத்திக்காட்டும். விரதம் இருப்பவர் என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாத்திரையின் நேரத்தையும் அளவையும் அதற்கேற்ப மாற்ற வழி இருக்கிறது. கஷாயம், வேப்பிலைச் சாறு, பாகற்காய்ச் சாறு குடிப்பதையும் சொல்லுங்கள். பாகற்காய் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை இன்னும் இறக்கக்கூடும்.

வீடு தயாரா? முதல் 24 மணி நேரம் அம்மா தனியாக இருக்கக் கூடாது, இரவில் அதே அறையில் ஒருவர் படுக்க வேண்டும். படுக்கையறை மாடியில் இருந்தால் சில நாளைக்குக் கீழே மெத்தை போடுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் பாய், ஒயர் எதுவும் கிடக்க வேண்டாம், விளக்கு எரியட்டும். குளுக்கோமீட்டர் இருக்கிறதா, ஸ்டிரிப் காலாவதி ஆகவில்லையா என்று கிளம்பும் முன்பே போன் செய்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மின்வெட்டு வந்தால் நெபுலைசரும் ஆக்ஸிஜன் கருவியும் நின்றுவிடும், அவற்றை நம்பி வீட்டுக்கு வருகிறவர்கள் மாற்று ஏற்பாடு என்ன என்பதை மருத்துவமனையிலேயே கேட்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்பேசரோடு (பம்பில் மாட்டி மூச்சிழுக்கும் குழாய்) பம்ப் பெரும்பாலும் நெபுலைசர் அளவுக்கே வேலை செய்யும், அதற்குக் கரண்ட் வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை வெயில் படாத, சூடேறாத இடத்தில் நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம் என்பது பல வகைகளுக்குப் பொருந்தும், உங்கள் வகைக்கு உள்ளிருக்கும் தாளைப் பாருங்கள்.

சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியது: 4-க்குக் கீழே, ஆனால் விழிப்போடு விழுங்க முடிகிறது என்றால், அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. ஏறியதும் ரொட்டி, சோறு என்று நின்று எரியும் உணவு ஏதாவது கொஞ்சம். மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அரசு ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112, தனியாரில் நெட்கேர் 911-க்கு 082 911, இஆர்24-க்கு 084 124. இரவில் வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் கார் கிடைக்குமா என்று அன்றைக்கே பேசி வையுங்கள். முதல் நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு 2, 3 மணிக்கும் ஒருமுறை பாருங்கள். தூக்கத்தில்தான் யாருக்கும் தெரியாமல் இறங்கும்.

குழந்தையின் வயிற்றுப்போக்குக்காகப் போய் வந்தவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் இரண்டு வரி. இங்கே கிளினிக்குகளில் சொல்லித்தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல்: கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, குவித்து அள்ளாதீர்கள். கண் குழிந்தால், குடிக்க மறுத்தால், குடித்ததெல்லாம் வாந்தியானால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், அரைநாளாகச் சிறுநீர் போகாவிட்டால் திரும்பப் போக வேண்டும்.

‘ஏதாவது என்றால் திரும்பி வாருங்கள்’ என்பது அறிவுரையே அல்ல. எதைப் பார்த்தால் என்று கேளுங்கள். தலையில் அடிபட்டவருக்கு அது: கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு கை கால் தளர்வு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல். மாவுக்கட்டுப் போட்டவருக்கு: உயர்த்தி வைத்தும் மருந்து போட்டும் கூடுகிற வலி, மரத்துப்போன அல்லது நீலம் பாய்ந்த விரல். இதற்குக் காலைவரை காத்திருக்கக் கூடாது, கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் சதை செத்துவிடும்.

நோயாளி வீட்டுக்குத் தயாரா என்பதை அளக்க அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மரியான் வைஸ் ஒரு கேள்வித்தாள் உருவாக்கியிருக்கிறார். உடல்நிலை, அறிவு, சமாளிக்கும் திறன், கிடைக்கப்போகும் உதவி என நான்கு பகுதி. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், சராசரி 7-க்குக் கீழே என்றால் தயார்நிலை குறைவு. வார்டில் இருப்பவர்களுக்காக உருவானது, ஆனால் கேள்விகள் கேஷுவால்டிக்கும் பொருந்தும். அதை வைத்துச் செய்த ஆய்வில், நோயாளிகள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைவிட நர்ஸ்கள் போட்ட மதிப்பெண்தான் யார் மறுபடி மருத்துவமனைக்கு வருவார்கள் என்பதோடு ஒத்துப்போனது. ஆகவே அம்மா ‘நான் நல்லா இருக்கேன், வீட்டுக்குப் போலாம்’ என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வெளிச்சத்திலும் சத்தத்திலும் யாருக்கும் வீட்டுக்குப் போகத்தான் தோன்றும். கவனித்துக்கொண்ட சிஸ்டரிடம் தனியாகக் கேளுங்கள்: ‘உங்கள் அம்மாவாக இருந்தால் இப்போது கூட்டிப்போவீர்களா?’

தயார் இல்லை என்று தோன்றினால் என்ன செய்வது? சண்டை வேண்டாம், காரணத்தை எண்ணோடு சொல்லுங்கள். ‘எங்களுக்குப் பயமாக இருக்கிறது’ என்பதைவிட ‘நிற்க வைத்தால் பிரஷர் 130-லிருந்து 100-க்கு இறங்குகிறது, வீட்டில் மீட்டர் இல்லை, இன்னும் எதுவும் சாப்பிடவில்லை’ என்பது வேலை செய்யும். காலை 7 மணிவரை உட்கார இடம் கொடுங்கள், ஒருமுறை சர்க்கரை பார்த்துவிட்டுப் போகிறோம் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அதிகாலை 2 மணிக்கு மினிபஸ் டாக்ஸியும் ஓடாது. மறுத்தால், பொறுப்பில் இருக்கும் மூத்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

நேர்மாறாக, டாக்டர் இருக்கச் சொல்லியும் நீங்கள் கூட்டிப் போவதாக இருந்தால், சிகிச்சையை மறுத்துப் போவதாகக் கையெழுத்துக் கேட்பார்கள். அதே தேசிய சுகாதாரச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போட வேண்டியதுதான். போட்டுவிட்டோமே, இனி அங்கே போனால் விரட்டுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே கிடக்க வேண்டாம். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 27-வது பிரிவே சொல்கிறது. கையெழுத்துப் போட்டுப் போகிறவருக்கும் மருந்தும் கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அம்மா இப்போது இரண்டாவது முறை போய் வந்திருக்கிறார் என்பதால், இந்த வாரத்திலேயே கடிதத்தோடும் மாத்திரைப் பையோடும் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கிரியாட்டினினைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். கிளிமெபிரைட் இந்த வயதில் தொடர வேண்டுமா, அளவைக் குறைக்கலாமா, வேறு மாத்திரை தரலாமா என்று நேராகவே கேளுங்கள். 72 வயதில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருப்பதைவிடத் திடீரென்று இறங்குவதுதான் பெரிய ஆபத்து என்பதால், பல டாக்டர்கள் இந்த வயதில் இலக்கையே தளர்த்திவிடுவார்கள். அதுவரை மீட்டர் காட்டும் எண்களைத் தேதி, நேரம், சாப்பிட்டது ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கிளினிக் டாக்டர் அளவை முடிவு செய்ய அந்த நோட்டுத்தான் முதலில் வேண்டும்.